ரஞ்சனி பேரில் ஒரு கார்

பாகூர் பஸ்ஸில் ஒரு காலை மட்டும் ஊன்ற இடம் கிடைத்து ரஞ்சனி தொங்கிக்கொண்டிருந்தபோது அந்தக் குறுஞ்செய்தி வந்தது.

‘அன்புள்ள ரஞ்சனி, உங்கள் காரின் சர்வீஸுக்கு நேரமாகிவிட்டது. உங்கள் சொகுசுப் பயணம் தொடர இன்றே முன்பதிவு செய்யுங்கள்.’

பக்கத்தில் நின்ற மீன்காரம்மாவின் அன்னக்கூடையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அவள் சுடிதாரை நனைத்துக்கொண்டிருந்தது. சொகுசுப் பயணம் தொடர்ந்தது.

கார் அவள் பேரில்தான் இருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் அவள் பேர், அப்பா குழந்தைவேல் பேர், சோரியாங்குப்பம் விலாசம், அவள் போன் நம்பர் எல்லாம் சுத்தமாக இருந்தன. வண்டி மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மாமன் சம்மந்தத்தின் வீட்டு வாசலில், வைக்கோல் போர் ஓரமாக நின்றது.

சோரியாங்குப்பம் புதுச்சேரி. ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். இந்தப் பக்கம் பதிவு செய்தால் வரி மிச்சம் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கத்துச் சொந்தக்காரன் பேரில் வண்டி வாங்குவது அங்கே ஒரு வழக்கம். பந்தல் போட ஏணி கேட்பது மாதிரி வந்து பேரைக் கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் உறவு போய்விடும். அப்பா பேரில் ஏற்கெனவே பெரியப்பா மருமகனுடைய லோடு வேன் ஓடிக்கொண்டிருந்ததால் ரஞ்சனியின் பேரைக் கேட்டார்கள். அப்போதுதான் அவள் பி.எஸ்சி. முடித்திருந்தாள். அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பட்டத்துக்கு உடனே கிடைத்த உபயோகம், படித்த பெண் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மாமா சொன்னதுதான்.

டெலிவரி எடுத்த நாளை அவள் மறக்கவே மாட்டாள். ஷோரூமில் வண்டிக்குப் பட்டுத்துணி போர்த்தி, எதிரே பலகையில் ‘வாழ்த்துகள் ரஞ்சனி’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அட்டையில் செய்த முழ நீளச் சாவி ஒன்றை நீட்டினான் ஷோரூம் பையன். அதை வாங்கியவள் மாமன் மகள் பிரியதர்ஷினி. மாமா வண்டி வாங்கியதே அவளுக்காக. ரஞ்சனி தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். போட்டோவில் பிரியாவின் கொண்டை பேரில் பாதியை மறைத்ததில் ‘வாழ்த்துகள் சனி’ என்று மட்டும் தெரிந்தது. அந்தப் போட்டோவைத்தான் மாமா பிரேம் போட்டு மாட்டினார். திரும்பும்போது வண்டியில் இடம் இல்லை. காரின் சொந்தக்காரி பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தாள்.

அதிலிருந்து இரண்டு வருஷமாக அந்த வண்டியின் ஒவ்வொரு தும்மலும் அவள் போனுக்கு வந்தது. இன்சூரன்ஸ் முடிகிறது, புகைச் சான்று எடுக்க வேண்டும், டோல்கேட்டில் பணம் கழிந்தது, டயரைச் சோதிக்க இது நல்ல நேரம். எல்லாவற்றையும் பிரியாவுக்கு அனுப்பிவிடுவாள். சிலதை வேண்டுமென்றே தாமதமாக அனுப்புவாள்.

பொறாமை என்று ஒத்துக்கொள்ள அவளுக்கு வெட்கம் இல்லை. பின்னே என்ன பெயர் வைப்பது? பிரியா காலேஜில் முதல் வருஷத்தோடு நின்றவள். பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு நோட்டை நிரப்பியதே ரஞ்சனிதான். இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தால் பிரியா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுகிறாள், கூலிங்கிளாஸ், பின்னால் பாட்டு, கீழே ‘மை வண்டி’. வில்லியனூரில் மருந்து மொத்த வியாபாரக் கடையில் பில் போடும் ரஞ்சனி, அந்தச் சம்பளத்தில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தவள். ஓட்டத்தான் வண்டி இல்லை. எப்போதாவது காலையில் அவள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அந்த வெள்ளைக் கார் பாலத்தைக் கடந்து வரும். பின் சீட்டில் பிரியா. ஓட்டுவது அவள் அண்ணன் புகழ்வேந்தன். இவளைப் பார்த்ததும் கண்ணாடி மேலே ஏறும். அன்றைக்கு முழுக்க ரஞ்சனி பில்லில் தப்பு தப்பாக அடிப்பாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை சம்மந்தம் மாமா பழத்தட்டோடு வந்தார்.

“பிரியாவுக்கு முடிவாயிடுச்சி பாப்பா. மாப்பிள்ளை வில்லியனூரு. அரிகரன்னு பேரு, பேங்க்ல வேல. வண்டிய அவருக்குக் குடுத்துடறோம். நீ ஒரு கையெழுத்துப் போட்டா அவரு பேருக்கு மாத்திடலாம். அவரும் பாண்டிச்சேரி அட்ரஸு, ஒரு தொந்தரவும் இல்ல.”

“அதுக்கின்னாண்ணா, போட்டா போவுது,” என்றாள் அம்மா அமுதம். அண்ணன் கேட்டால் அவள் ரஞ்சனியின் கையை வெட்டியே கொடுப்பாள்.

ரஞ்சனி பழத்தட்டைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டால் அந்த மெசேஜ்கூட வராது. ‘அன்புள்ள ரஞ்சனி’ என்று அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். போகட்டும், ஆனால் ஒரு தடவையாவது அந்த ஸ்டியரிங்கைத் தொடாமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள்.

“வண்டிக்கு சர்வீஸ் டைம் வந்துடுச்சி மாமா. எங்க கடை பக்கத்துல பைபாஸ்லதானே சர்வீஸ் சென்டர். அங்க வுடச் சொல்லுங்க, நானே கூட இருந்து பாத்து எடுக்கறேன். வண்டி எப்படிக் கீதுன்னு பாத்துட்டுத்தான் கையெழுத்து.”

மாமா சிரித்தார். “படிச்ச பொண்ணு. வெவரமாத்தான் பேசும்.”

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு அவள் சர்வீஸ் சென்டருக்குப் போனால், புகழ்வேந்தன் வண்டியை விட்டுவிட்டுக் கூட்டாளி பைக்கில் ஏறிப் போயிருந்தான். வரவேற்பறை சோபாவில் பிரியா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கல்யாண பிளவுஸ் துணி வைத்த பை.

“நீ எங்கடி இங்க?” என்றாள் ரஞ்சனி.

“டெய்லர்கிட்ட அளவு குடுக்க வந்தன். நீ கையெழுத்துப் போட வந்தியா?”

“பாத்துட்டு.”

“இன்னாத்த பாக்கப்போற. வண்டிதான.”

கையில் டேப்லெட்டோடு வந்தவன் சுபாஷ் என்று சட்டையில் எழுதியிருந்தது. வண்டியை வாங்கி, சோதித்து, எழுதிக்கொள்கிறவன் அவன். “ஓனர் யாரு மேடம்?”

“நான்தான்,” என்றாள் ரஞ்சனி. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். நன்றாக இருந்தது.

“பேப்பர்ல,” என்றாள் பிரியா.

“பேப்பர் இல்லன்னா அது வெறும் தகரம்டி.”

சுபாஷ் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான். “வண்டியில கம்ப்ளெயின்ட் ஏதாவது இருக்கா மேடம்?”

“கம்ப்ளெயின்ட் நெறைய இருக்கு. வண்டி மேல இல்ல.”

மூன்று பேருமாக வண்டியைச் சுற்றி வந்தார்கள். டயரில் காற்று, தேய்மானம், வைப்பர், விளக்கு என்று ஒவ்வொன்றாகத் தட்டி எழுதிக்கொண்டே வந்தவன், பானெட் பக்கம் குனிந்து வெளிச்சத்துக்கு எதிரே சாய்ந்து பார்த்தான். பெயின்ட் முழுக்கச் சுழிசுழியாகக் கீறல்.

“இத எதால தேய்ச்சீங்க?”

“பாத்திரம் வெளக்கற சோப்பு,” என்றாள் பிரியா மெதுவாக. “தேங்கா நாரு.”

“தேங்கா நாரா?”

“அழுக்கு போவணும்ல.”

பானெட்டைத் திறந்தால் உள்ளே பேட்டரி பக்கத்தில் துணியில் முடிந்த புகையிலை ஒரு கட்டு. அதற்குப் பக்கத்திலேயே ஒரு கைப்பிடி வைக்கோல். ஏசி ஃபில்டரை உருவி எடுத்து சுபாஷ் தட்டினான். நெல் உமியும் எலிப் புழுக்கையும் பொலபொலவென்று கொட்டின.

“வைக்கோல் போர்கிட்ட நிறுத்துறீங்களா? அறுப்பு முடிஞ்சதும் வயலு எலியெல்லாம் நேரா போருக்கு வரும், அங்கருந்து வண்டிக்குத்தான். எலி வராதுன்னு வெச்ச பொகையிலைய ஓரமா தள்ளிவெச்சிட்டுக் குடும்பம் நடத்தியிருக்கு. வயர கடிக்கல, அது வரைக்கும் நல்லது.”

“எலிகூட என் வண்டியில ஏறிட்டுது,” என்றாள் ரஞ்சனி. “நான்தான் ஏறல.”

பிரியா கொட்டிய உமியைச் செருப்பால் ஓரமாகத் தள்ளினாள்.

எண்ணெய் மாற்ற, பிரேக் பேட் மாற்ற, அடிப்பாகம் கழுவ என்று ரஞ்சனி வரிசையாகச் சரி சொன்னாள். ஒவ்வொரு சரிக்கும் சுபாஷ் அவள் முகத்தைப் பார்த்துத் தட்டினான். பில் மாமாவுக்குத்தான் போகும் என்பதால் இன்னும் தாராளமாக இருந்தது. வண்டி கழுவி ஈரமாக வெளியே வந்தது. உள்ளே சுத்தம் செய்கிற மகாலட்சுமியக்கா தூசி உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

“பாப்பா, இந்த பிளாஸ்டிக் கவரு பிரிச்சாதான் சீட்ட கிளீன் பண்ண முடியும்.”

ஷோரூமில் போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறை இன்னும் சீட்டிலேயே இருந்தது. ஓட்டுகிற சீட்டில் மட்டும் புகழ்வேந்தன் பாரம் தாங்காமல் அது கிழிந்து போயிருந்தது. பின்னால் பழுப்பேறி, மடிந்து, கோந்து டேப் ஒட்டி.

“பிரிக்கக் கூடாது,” என்று பிரியா முன்னால் வந்தாள். “மாப்பிள்ளைதான் பிரிக்கணும்னு அப்பா சொல்லியிருக்காரு. புதுசா குடுத்த மாதிரி இருக்கணும்னு.”

புதுசா. மாமா இரண்டு வருஷமாக மகனை விட்டு ஓட்டிய வண்டியை, பிரிக்காத பொட்டலமாக மாப்பிள்ளை கையில் கொடுக்கப்போகிறார். ரஞ்சனிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இங்கே சொந்தக்காரி ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி நிற்கிறாள், முகம் தெரியாத ஒருத்தன் வந்து பிரிக்கணுமாம்.

“பிரிங்கக்கா. ஓனர் சொல்றேன்.”

“ரஞ்சனி, வேணாம்டி, அப்பா கத்துவாரு.”

அக்கா தயங்கினாள். ரஞ்சனி செருப்பை உதறிவிட்டுப் பின் சீட்டில் ஏறி, நகத்தால் டேப்பைக் கிளப்பி, இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தாள். அந்தச் சத்தம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இரண்டாவது இழுப்பில் நாற்றம் குப்பென்று அடித்தது. மடிப்பு வழியாக உறைக்கு உள்ளே இறங்கிய வேர்வையும் மழை ஈரமும் வெளியே போக வழியில்லாமல் புழுங்கி, இடது ஓரம் முழுக்கக் கரும்பச்சையாகப் பூஞ்சை பூத்துக் கிடந்தது. ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு, முதுகும் தொடையும் பட்ட அச்சு அப்படியே. மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. முன் சீட்டில் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இடம் யாரும் தொடாத மாதிரி பளபளத்தது.

“இங்க யாருடி ஒக்காருவீங்க?”

“நான்தான்,” என்றாள் பிரியா. “லெஃப்ட்ல. முன்னாடி எப்பவாவது புகழு கூட்டாளிங்க ஏறுவாங்க.”

“நீ ஓட்டும்போது?”

பிரியா பிளவுஸ் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“கேக்கறேன்ல. ஓட்டுவதானே?”

“யாரு ஓட்ட வுட்டா?”

“ஸ்டேட்டஸ்ல போட்டியே. பாட்டெல்லாம் போட்டு.”

“அது நிறுத்திவெச்ச வண்டி.” பிரியா குரலைத் தாழ்த்தினாள். “தெனம் காலையில தொடைக்கறது நான்தான். தொடைக்கச் சொல்லி கதவ தொறந்து வுடுவான் புகழு. சாவியைக் குடுக்க மாட்டான். அந்த வீடியோ அப்ப எடுக்கறது. ஏசியும் ஓடாது, வேர்த்து ஊத்தும். கூலிங்கிளாஸ் எதுக்குன்னு நெனச்ச, கண்ணுல சோப்பு பட்டுடும்.”

மகாலட்சுமியக்கா குழாயை முடுக்கினாள். அந்த இரைச்சலில் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் ரஞ்சனிக்கு இரக்கம் எதுவும் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சந்தையில் ஏமாந்தவளுக்கு வரும் ஆத்திரம். இரண்டு வருஷம். பஸ்ஸில், பில் போடும் மேஜையில், சாப்பிடும்போது, படுக்கும்போது அவள் வயிறு எரிந்ததெல்லாம் நிறுத்திவைத்த வண்டிக்கும் தேங்காய் நாருக்கும்தானா?

இரைச்சல் நின்றதும் கேட்டாள். “அப்பறம் என்ன பாத்ததும் கண்ணாடிய ஏத்துவியே, அது எதுக்கு? பஸ்ஸுக்கு நிக்கறவன்னு எளக்காரம்தானே?”

பிரியா அவளை நேராகப் பார்த்தாள். “உனக்கின்னாடி தெரியும். பேக மாட்டிக்கினு நிப்ப. பஸ் வரும், ஏறிப் போயிடுவ. எங்க போற, எப்ப வருவன்னு ஒருத்தன் கேக்கமாட்டான். லைசென்ஸ் வேற எடுத்துட்டியாம், அத்த சொல்லிச்சி. அத பாத்துக்கினு பின்னாடி ஒக்காந்து போவ என்னால முடியாது. அதான் ஏத்திக்குவேன்.”

தன்மேல் ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று ரஞ்சனி கனவிலும் நினைத்ததில்லை. கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது.

சாயங்காலத்துக்குள் சீட்டைக் கழுவிக் காயவைத்து, சுபாஷ் சாவியோடு வந்தான். “பிரேக் பேட் புதுசு மேடம். ஓனர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்து ஓகே பண்ணிட்டீங்கன்னா முடிச்சிடலாம்.”

நிஜச் சாவி. அட்டைச் சாவியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரஞ்சனி ஓட்டுகிற சீட்டில் ஏறிக் கண்ணாடியைச் சரி செய்தாள். சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்தாள். கண்ணாடியில் பார்த்தால் பிரியா பழக்க தோஷத்தில் பின்னால் இடது மூலையில், இன்னும் ஈரம் முழுக்கப் போகாத சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“முன்னாடி வாடி.”

பிரியா இறங்கி முன்னால் வந்தாள். சுபாஷ் பின்னால் ஏறினான். முதல் தடவை கிளச்சைச் சட்டென்று விட்டதில் வண்டி குலுங்கி அணைந்தது. பிரியா சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை கிளம்பியது. பைபாஸில் ஏறி, கரும்பு டிராக்டர் ஒன்றைத் தாண்டி, தூரத்தில் வில்லியனூர் கோபுரம் தெரிகிற திருப்பம் வரை போனாள். பிரேக்கை அழுத்தினால் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. பஸ்ஸில் தினம் பார்க்கிற அதே ரோடுதான், அன்றைக்கு அவளுக்காகப் போட்டது மாதிரி இருந்தது.

பக்கத்தில் திரும்பினாள். பிரியா ரோட்டைப் பார்க்கவில்லை. ரஞ்சனியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளச், பிரேக், கியர், மறுபடி கிளச். கண் எடுக்காத பார்வை. கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு. அது எந்தப் பார்வை என்று ரஞ்சனிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேண்டுமென்றே இன்னும் ஒரு திருப்பம் கூடுதலாக ஓட்டினாள்.

திரும்பி வந்தபோது வாசலில் மாமாவும் புகழ்வேந்தனும் பைக்கில் வந்து இறங்கியிருந்தார்கள். மாமா கையில் கையெழுத்துக்கான தாள். வண்டி ஓட்டி வந்தது யார் என்று பார்த்ததில் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று, உள்ளே எட்டிப் பார்த்ததும் இன்னொரு மாதிரி.

“பிளாஸ்டிக்கு இன்னா ஆச்சி?”

“பூஞ்ச புடிச்சிருந்தது. கிழிச்சிட்டேன்,” என்றாள் ரஞ்சனி.

“உன்ன யாருடி கிழிக்கச் சொன்னா? மாப்பிள்ளைக்கு இன்னா பதில் சொல்றது?” மாமா சுபாஷைப் பார்த்துக் குரலை அடக்கிக்கொண்டார். “சரி, வுடு. இதுல போடு கையெழுத்த. நேரமாவுது.”

ரஞ்சனி தாளை வாங்கிப் படித்தாள். வாங்குபவர் இடத்தில் அரிகரன் என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு ‘அன்புள்ள அரிகரன்’ என்று மெசேஜ் போகும். இந்த வண்டி வில்லியனூர் தெருவில் போகும்போது அவன் ஓட்டுவான். பின்னால் இடது மூலையில் பிரியா இருப்பாள். இவள் பஸ்ஸிலிருந்து பார்ப்பாள். பார்த்து யார் மேல் எரிவது? முன்பின் தெரியாத பேங்க்காரன் மேலா? யோசித்துப் பார்த்தாள், அவன் மேல் வயிறு எரியவே இல்லை. வெறும் கசப்பாக இருந்தது.

“பிரியா பேர எழுதுங்க மாமா. போடறேன்.”

“இன்னாது?”

“கல்யாணம் ஆனா அவளும் வில்லியனூர் அட்ரஸ்தானே. அவ பேருக்குன்னா மாத்தித் தரேன். அது வரைக்கும் என் பேர்லயே இருக்கட்டும்.”

“மாப்பிள்ளை வூட்ல இன்னா நெனப்பாங்க? வண்டி ஓட்டத் தெரியாத பொண்ணு பேர்ல வண்டி எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?”

“ரெண்டு வருஷமா வண்டியே இல்லாத பொண்ணு பேர்ல இருந்ததே, யார் கேட்டாங்க?”

புகழ்வேந்தன் முன்னால் வந்தான். “ஏய், ரொம்பப் பேசாத. பேர குடுத்துட்டா வண்டி உன்னுதாயிடுமா?”

“ஆயிடும். வேணும்னா ஓட்டிக்கினு போயி எங்க வூட்ல நிறுத்தறேன், வந்து கேளு.” சாவி அவள் விரலில்தான் மாட்டியிருந்தது. அதை அவள் நீட்டவில்லை.

மாமா மகள் பக்கம் திரும்பினார். “நீ இன்னா சொல்ற? இவ ஒளர்றா பாரு.”

பிரியா தரையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், பானெட்டில் தன் கையால் விழுந்த சுழிகளைப் பார்த்தாள். “எம்பேர்லயே எழுதுப்பா,” என்றாள். “தொடைக்கறது நான்தான.”

மாமா தாளைப் பிடுங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு பைக்கில் போய் உட்கார்ந்தார். உன் அம்மாவிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். பேசினார். அம்மா அழுதாள், இரண்டு நாள் ரஞ்சனிக்குச் சோறு போடாமல் தட்டை நகர்த்தி மட்டும் வைத்தாள். ஆனால் முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டி தருவதாகச் சபையில் சொல்லியாகிவிட்டது. வேறு தாள் வந்தது. பிரியதர்ஷினி என்று எழுதியிருந்தது. ரஞ்சனி தன் நல்ல கையெழுத்தில் போட்டுக் கொடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமையே, சாவியைப் பிரியாவின் கையில் கொடுக்கும்போது ரஞ்சனி சொல்லியிருந்தாள். “என்ன நல்லவன்னு நெனச்சிக்காத. எனக்கு வயிறு எரிய ஒரு ஆள் வேணும். அது நீயா இருந்தாத்தான் சரியா வருது.”

“சரியான பொறாம புடிச்சவடி நீ.”

“நீ மட்டும்?”

கல்யாணத்துக்குப் பிறகு மெசேஜ் நின்றுபோயிற்று. பஸ்ஸில் நிற்கும்போது பழக்கத்தில் போனை எடுத்துப் பார்ப்பாள். ‘அன்புள்ள’ என்று லோன் கம்பெனிக்காரன்கூட எழுதவில்லை.

தை முடியும் சமயம் ஒரு காலையில் பஸ் வில்லியனூர் மார்க்கெட் திருப்பத்தில் நின்றுவிட்டது. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். ரஞ்சனி கூட்டத்தில் குனிந்து பார்த்தாள். நடுரோட்டில் வெள்ளைக் கார் ஒன்று அணைந்து கிடந்தது. பின்னால் சிவப்பில் ஒரு எல் போர்டு. ஓட்டுகிற சீட்டில் பிரியா. கூலிங்கிளாஸ் இல்லை, முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் யாரும் இல்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பப் பார்த்து மறுபடி அணைந்தது.

“பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்,” என்றார் சீட்டில் சாய்ந்திருந்த ஒருவர்.

ரஞ்சனிக்கு வயிற்றில் அது கிளம்பிவிட்டது. பழைய அதே எரிச்சல், சூடு குறையாமல். எட்டு மணிக்கு, தனியாக, தன் இஷ்டத்துக்கு, தன் சொந்த வண்டியில் பிரியா. அந்த ஆளைத் தள்ளிக்கொண்டு ஜன்னலில் பாதி உடம்பை நீட்டினாள்.

“கிளச்ச முழுசா அழுத்துடி. முழுசா.”

பிரியா நிமிர்ந்து பார்த்தாள். யாரென்று தெரிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். வண்டி கிளம்பியது. திருப்பத்தில் வளையும்போது அவள் பக்கத்துக் கண்ணாடி மெல்லக் கீழே இறங்கியது. உள்ளே இருந்து ஒரு கை வெளியே வந்து, பஸ்ஸைப் பார்த்துக் கட்டை விரலை ஆட்டி ஒழுங்கு காட்டிவிட்டுப் போனது.

ரஞ்சனி கடைக்குப் போய்ச் சேரும் வரை திட்டிக்கொண்டே போனாள்.